வீடு மாறிய வன்தட்டு

ஒரு பொருள் இன்னாருக்கு உரியது என்பதை உலகத்தார் பலவாறு குறித்து வைக்கின்றனர். காணிக்கு உறுதி இருக்கிறது. மாட்டுக்குச் சுட்ட குறி இருக்கிறது. பாடப் புத்தகத்துக்கு முதற் பக்கத்தில் எழுதிய பெயர் இருக்கிறது. கணினியில் உள்ள கோப்புக்கு என்ன இருக்கிறது? இவ்வினாவைச் சென்ற ஐப்பசிக்கு முன் எவரேனும் எம்மிடம் கேட்டிருப்பின், “அதற்கும் உரியவர் பெயர் எழுதப்பட்டிருக்கும்” என்று சிறிதும் தயங்காது விடை கூறியிருப்போம். நெடுங்காலம் கரும்பலகையின் முன் நின்றவர்க்கு விரைந்து விடை கூறும் பழக்கம் எளிதில் வந்துவிடுகிறது. அவ்விடை பிழையென்று எமக்கு உணர்த்தியவன் எமது மகன். உணர்த்திய விதமும் எம்மால் மறக்கத்தக்கதன்று.

எமது இல்லத்துக் கணினி ஒன்பது ஆண்டுகள் குறைவின்றி உழைத்தது. ஐப்பசி மாதத்து மழையிரவொன்றில் இடி முழங்கியது. மின்சாரம் போய் மீண்டும் வந்தது. அதன் பின் அக்கணினி கண் திறக்கவில்லை. தாய்ப்பலகை எரிந்துவிட்டதென்றும், புதியது வாங்குதலே சிக்கனமென்றும் பழுது பார்ப்பவர் கூறினார். ஆயினும், எமது நல்ல காலம், ஆவணங்களையெல்லாம் தனியான ஒரு வன்தட்டில் வைத்திருந்தோம். அது பழுதின்றித் தப்பியது. பதினைந்து ஆண்டுகளாக நாம் எழுதிய பாடக் குறிப்புகளும் வினாத்தாள்களும் அதில் இருந்தன. எமது இல்லாளுக்கு அவரது அன்னையார் எழுதிய கடிதங்களின் படங்களும், வீட்டு வரவுசெலவுக் கணக்கும் இருந்தன. மகனின் பாடங்களும், நண்பரோடு அவன் எடுத்த படங்களும் இருந்தன. மூவரும் தத்தம் கோப்புறையைப் பிறர் திறவாதவாறு அனுமதி குறித்து வைத்திருந்தோம். ஒரே கூரையின் கீழ் வாழ்வோர்க்கும் ஆளுக்கொரு பெட்டகம் தனியே இருத்தல் நன்று என்பது எமது கொள்கை.

புதுக் கணினி வந்தது. அதில் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை நிறுவும் பொறுப்பை மகன் ஏற்றுக்கொண்டான். அவன் உயர்தர வகுப்பு மாணவன். நாம் கற்பிக்கும் கல்லூரியிலேயே, எம்மிடமே பாடங் கேட்பவன். நிறுவும்போது ஒருவரின் பெயரில் முதற் கணக்கைத் தொடங்குதல் வேண்டும். அவன் தன் பெயரில் அதனைத் தொடங்கினான்; அடுத்து எமது பெயரையும், பின்னர்த் தாயின் பெயரையும் சேர்த்தான். பழைய கணினியிலோ நாம் முதல்வர், இல்லாள் இரண்டாமவர், மகன் மூன்றாமவன். இந்த வரிசை மாற்றத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. தப்பிய வன்தட்டை உள்ளே பொருத்தி, வேலை முடிந்ததென்று மகிழ்ந்தோம்.

அன்றிரவு எமது அறை வாயிலில் மகன் வந்து நின்றான்.

“அப்பா, உங்கட கோப்புறை எனக்குத் திறக்குது. தவணைப் பரீட்சைத் தாளும் அதுக்குள்ள கிடக்கு. நான் அதைத் திறந்து பாக்கேல்லை. ஆனா உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு நினைச்சன்.”

எழுந்து சென்று பார்த்தோம். எமது கோப்புறையைத் திறக்க நாம் முயன்றபோது, அனுமதி இல்லையெனக் கணினி எம்மையே தடுத்தது. எமது வினாத்தாள்களுக்கு நேரே, உரிமையாளர் என்னும் இடத்தில், மகனின் பெயர் நின்றது. இல்லாளின் கோப்புறையோ எமது பெயரில் இருந்தது, தடையின்றித் திறந்தது. மகனின் கோப்புறை தாயின் வசமாயிற்று. மூவர் உடைமையும் ஒரு சுற்றுச் சுற்றி அடுத்தவர் கையிற் போய்ச் சேர்ந்திருந்தன. எவரும் திருடவில்லை, எவரும் எவரது கடவுச்சொல்லையும் அறியவில்லை. இல்லாளிடம் நடந்ததைச் சொன்னோம். “அம்மான்ர கடிதங்கள்தானே, வாசிச்சாலும் பறவாயில்லை. ஆனா கேட்டுப்போட்டு வாசியுங்கோ” என்றார் அவர்.

இது நிகழ்ந்தது எவ்வாறு? கல்லூரி விடுதியிற் தங்கிப் படித்த வாசகர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. விடுதியிற் சேரும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். சட்டையின் கழுத்துப்பட்டியிலும், படுக்கை விரிப்பின் மூலையிலும், சாப்பாட்டுத் தட்டின் அடியிலும் அந்த எண்ணைத் தைத்தோ பொறித்தோ வைப்பார்கள். பெயர் மேற்பார்வையாளரின் பதிவேட்டில் மாத்திரம் இருக்கும். 27 என்ற எண் தைத்த சட்டை கிடைத்தால், பதிவேட்டைப் பார்த்து, 27 இன்னார் என்று அறிந்து, அவரது கட்டிலில் வைப்பார்கள். இனி, ஒரு விடுதியின் பெட்டிகளையெல்லாம் வேறொரு விடுதிக்கு ஏற்றிச் சென்றால் என்னவாகும்? அங்கே 27 என்பது வேறொரு பிள்ளை. சட்டை நேரே அவன் கட்டிலுக்குப் போகும். சட்டையில் தைத்த எண்ணிற் பிழையில்லை, பதிவேட்டிலும் பிழையில்லை. இரண்டும் வெவ்வேறு விடுதிகளுக்கு உரியவை என்பதே பிழை.

லினக்ஸ் முறைமையிலும் நிகழ்வது இதுவே. வன்தட்டில் ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு எழுதப்படுகிறது. ஐ-நோட் என்பது அதன் பெயர். கோப்பின் அளவு, மாற்றிய நேரம், யார் யார் என்னென்ன செய்யலாம் என்னும் அனுமதி ஆகியவற்றோடு உரிமையாளரின் எண்ணும், அவர் சார்ந்த குழுவின் எண்ணும் அதில் இருக்கும். உரிமையாளரின் பெயர் அங்கு இல்லை. பெயரையும் எண்ணையும் இணைக்கும் பதிவேடு பணிசெயல் முறைமையோடு வேறிடத்தில் இருக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடுமாறு நாம் கட்டளையிட்டால், கணினி எண்ணை எடுத்து, தன் பதிவேட்டைப் புரட்டி, அவ்வெண்ணுக்கு நேரே கண்ட பெயரை எமக்குக் காட்டுகிறது. நாம் காண்பது தட்டில் எழுதப்பட்ட பெயரென்று எண்ணி ஏமாறுகின்றோம்.

இவ்வழக்கம் மிகப் பழையது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் முறைமையிலிருந்து வந்தது. அக்காலத்தில் தட்டில் இடம் அருமை. பெயரைவிட எண் குறைந்த இடத்தில் அடங்கும். ஒருவர் தம் பெயரை மாற்றிக்கொண்டாலும் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினாற் போதும். கோப்புகளைத் தொட வேண்டியதில்லை. லினக்ஸில் நெடுங்காலம் 65,536 எண்களே இருந்தன. 2001இல் வெளிவந்த 2.4ஆம் பதிப்பிலிருந்து நானூறு கோடிக்கு மேற்பட்ட எண்கள் கிடைத்தன. ஆயினும், எண்கள் பெருகியதால் எமது தொல்லை குறையவில்லை. எல்லா வீடுகளிலும் எண்ணிக்கை ஒரே இடத்தில் தொடங்குகிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் முதற் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001, அதற்கடுத்தவருக்கு 1002. ஆப்பிள் கணினியில் முதற் பயனருக்கு 501. எமது பழைய கணினியில் 1000 நாம். புதியதில் 1000 மகன். வரிசை மாறியது, உடைமை மாறியது.

ஆகவே, ஒரு வன்தட்டு கணினி மாறும்போது மூன்று நிலைகளில் ஒன்று ஏற்படலாம். முதலாவது, தட்டிலுள்ள எண்ணும் புதுக் கணினியில் அவருக்குக் கிடைத்த எண்ணும் ஒன்றாகவே அமைதல். ஒருவரே பயன்படுத்தும் வீடுகளில் பெரும்பாலும் இதுவே நிகழ்கிறது. அங்கு எவரும் எதனையும் உணர்வதில்லை. இரண்டாவது, அந்த எண் புதுப் பதிவேட்டில் எவருக்கும் இல்லாதிருத்தல். அப்போது பெயருக்குரிய இடத்தில் வெறும் எண் தோன்றும். கண்டவர் அஞ்சுவர், உண்மையில் இது தீங்கு குறைந்த நிலை. உடைமை தன் தலைவரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, அவ்வளவே. மூன்றாவது, அந்த எண் வேறொருவருக்கு உரியதாயிருத்தல். இதுவே கொடியது, ஏனெனில் கணினி ஓர் எச்சரிக்கையும் செய்யாது. அதன் கணக்குப்படி எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. எமது மகன் வாய் திறவாதிருந்திருந்தால், எமது கோப்புறை திறவாததை ஏதோ ஒரு கோளாறென்றே நாம் கருதியிருப்போம்.

“பென் டிரைவை எத்தனையோ கணினிகளிற் செருகுகின்றோம், இத்தொல்லையை நாம் கண்டதில்லையே” என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. பென் டிரைவுகளிற் பெரும்பாலானவை ஃபேட் அல்லது 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் என்னும் எளிய முறையில் அமைந்தவை. அவற்றில் உரிமையாளர் எண்ணை எழுதுதற்கு இடமே இல்லை. செருகியவர் எவரோ அவரே அந்நேரத்துக்கு உரிமையாளர். சந்தைக்குக் கொண்டு செல்லும் பையைப் போல, கையில் வைத்திருப்பவருக்கே அது சொந்தம். கணினிக்குள் நிலையாக இருக்கும் வன்தட்டோ பூட்டுள்ள பெட்டகம் போன்றது. ஆப்பிள் கணினியில் வெளித்தட்டு ஒன்றைச் செருகும்போது உரிமைக் குறிப்பைப் பொருட்படுத்தாது விடுமாறு பணிக்கும் வசதியும் உண்டு.

விண்டோஸ் முறைமை இச்சிக்கலை வேறு விதமாகக் கையாளுகிறது. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. தொடக்கம், ஒவ்வொரு பயனருக்கும் நீண்டதோர் அடையாள எண் வழங்கப்படுகிறது. அதன் முற்பகுதி அந்தக் கணினியை நிறுவும்போது உண்டாக்கப்படுவது. கடைப்பகுதி மாத்திரமே அக்கணினிப் பயனர்களின் வரிசையைக் குறிப்பது. ஊர்ப் பெயர், தந்தை பெயர், தன் பெயர் மூன்றையும் சேர்த்து எழுதுவது போன்றது அது. ஒரு கணினியின் தட்டை அச்சுப் பிசகாது படியெடுத்து வேறொன்றில் நிறுவினாலன்றி, இரு வீட்டார்க்கு ஒரே எண் அமைதல் அரிது. ஆதலால் விண்டோஸில் உடைமை அடுத்தவரிடம் தவறிப் போவதில்லை. மாறாக, தட்டை வேறு கணினியிற் பொருத்தினால் ‘அறியாக் கணக்கு’ என்ற குறிப்போடு நீண்ட எண் ஒன்று தோன்றும். உரியவர்க்கே அனுமதி மறுக்கப்படும். அப்போது நிருவாகி என்ற நிலையிலிருந்து, அந்தக் கோப்புறைக்கு மாத்திரம் உரிமையைத் தம் பெயருக்கு எடுத்துக்கொண்டு, பின்னர் அனுமதியையும் திருத்தலாம்.

இனி, லினக்ஸில் இதனைத் திருத்தும் வழியைப் பார்ப்போம். உரிமையாளரை மாற்றும் கட்டளைக்குச் ‘சௌன்’ என்று பெயர். மாற்றுக, உரிமையாளர் என்னும் பொருளுடைய இரு ஆங்கிலச் சொற்களின் குறுக்கம் அது. நிருவாகி அதிகாரம் உடையவரே அதனைப் பயன்படுத்தலாம். தொல்லை கண்டவுடன் பலர் செய்வது என்ன? தட்டு முழுவதையும், உள்ளேயுள்ள கோப்புறைகள் அனைத்தோடும், ஒரே கட்டளையால் தம் பெயருக்கு மாற்றிவிடுகின்றனர். ஒருவரே பயன்படுத்தும் தட்டாயின் அதனாற் கேடில்லை. மூவரின் உடைமை இருக்கும் தட்டில் அவ்வாறு செய்தால், எது யாருடையது என்ற குறிப்பே அழிந்துபோகும். விடுதிச் சட்டைகள் அனைத்திலும் பழைய எண்களைப் பிரித்தெறிந்து 27 என்று தைத்துவிட்ட பின்னர், எந்தப் பதிவேட்டைப் புரட்டியும் பயனில்லை.

எம்மிடம் முன்னர்ப் படித்த ஒருவர் இதனினும் பெரிய துன்பத்துக்கு உள்ளானார். அவர் ஆவணத் தட்டின் பெயரை எழுதும்போது இடையில் ஒரு வெற்றிடம் விழுந்துவிட்டது. கட்டளை ஆவணத் தட்டோடு நில்லாது, கணினியின் வேரிலிருந்து கிளை முழுவதும் பாய்ந்தது. லினக்ஸில் முறைமைக்குரிய கோப்புகள் ‘ரூட்’ என்னும் தலைமை நிருவாகிக்கு உரியவை; அவரது எண் 0. அந்தக் கோப்புகள் சாதாரணப் பயனரின் பெயருக்கு மாறியவுடன், நிருவாகி அதிகாரத்தைக் கடனாகத் தரும் ‘சூடோ’ என்ற நிரல், தான் இனி 0 எண்ணுக்கு உரியதன்று என்று கூறி வேலை செய்ய மறுத்தது. செய்ததைத் திருத்தும் அதிகாரமும் அதனோடு போயிற்று. உரிமையாளர் மாறும்போது நிரல்களுக்கு இருந்த சிறப்பு அனுமதிக் குறிகளும் அழிந்துவிடுகின்றன. ஆதலால் எண்களைத் திரும்ப 0 ஆக்கினாலும் பழைய நிலை மீளாது. இறுதியில் அவர் அனைத்தையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. மாணவர்கள் இதனை மனங்கொள்ளல் வேண்டும்: உரிமை மாற்றும் கட்டளையை எழுதியபின், விசையை அழுத்துமுன், எழுதிய வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

செய்யத்தக்க முறை இதுவே. முதலில் எதனையும் மாற்றாது, பெயருக்குப் பதிலாக எண்ணையே காட்டுமாறு கணினியைப் பணித்துப் பட்டியலைப் பாருங்கள். பட்டியலிடும் ‘எல்-எஸ்’ கட்டளையோடு ‘என்’ என்ற எழுத்தைச் சேர்த்தால் எண்கள் தோன்றும். தட்டில் எத்தனை வெவ்வேறு எண்கள் உள்ளன, ஒவ்வொன்றும் பழைய வீட்டில் யாரைக் குறித்தது, இங்கு அவரது எண் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். எமது தாளில் மூன்று வரிகளே இருந்தன. 1000 ஆயிருந்த நாம் 1001 ஆனோம்; 1001 ஆயிருந்த இல்லாள் 1002 ஆனார்; 1002 ஆயிருந்த மகன் 1000 ஆனான்.

இம்மூன்று வரிகளில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. “1000 என்றிருப்பவற்றையெல்லாம் 1001 ஆக்குக” என்று முதலிற் கட்டளையிடுகின்றோம் என்று கொள்வோம். சௌன் கட்டளையில் அவ்வாறு குறித்த எண்ணுடையவற்றை மாத்திரம் மாற்றும் வசதி உண்டு. ஆனால் 1001 என்ற எண்ணில் ஏற்கெனவே இல்லாளின் கோப்புகள் இருக்கின்றன. எமது கோப்புகள் போய் அவற்றோடு கலந்துவிடும். கலந்த பின்னர் எண்ணைக் கொண்டு பிரிக்க வழியில்லை. ஒரு குவளையில் பாலும் மறு குவளையில் தேநீரும் இருக்க, இரண்டையும் இடம் மாற்ற விரும்புபவர் மூன்றாவதாக ஒரு வெறுங் குவளையைத் தேட வேண்டும். அவ்வாறே இங்கும், எவருக்கும் உரியதல்லாத ஓர் எண்ணை, 5000 என்று கொள்வோம், இடைத்தங்கலாகப் பயன்படுத்துதல் வேண்டும். உரிமையாளர் எண்ணோடு குழு எண்ணையும் அவ்வாறே மாற்றுதல் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

எமது கல்லூரியில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் நண்பரோ வேறொரு வழி காட்டினார். “ஆயிரக்கணக்கான சட்டைகளில் எண்ணைப் பிரித்துத் தைப்பானேன்? புது விடுதியின் பதிவேட்டில் மூன்று வரிகளைத் திருத்தினாற் போதாதா?” என்றார். புதுக் கணினி ஒரு நாட் குழந்தை. அதில் எவருக்கும் சொத்துச் சேரவில்லை. அதன் பயனர் எண்களைப் பழைய வீட்டு எண்களுக்கு ஒத்தவாறு மாற்றிவிட்டால், தட்டில் ஒரு கோப்பையும் தொட வேண்டியதில்லை. முன்னர் எடுத்து வைத்த காப்புப் பிரதித் தட்டுகளிலும் பழைய எண்களே இருப்பதால் அவையும் ஒத்துப்போகும். மூவரும் தத்தம் கணக்கிலிருந்து வெளியேறியிருக்கையில், தலைமை நிருவாகியின் நிலையிலிருந்து, ‘யூசர் மாட்’ என்ற கட்டளையால் இதனைச் செய்தல் வேண்டும். ஒருவரின் எண் மற்றொருவருக்கு இருக்கும்போது அதனைக் கொடுக்க இயலாது. ஆகையால் இங்கும் ஒரு வெற்றெண் வேண்டியிருந்தது. குழு எண்களையும் அவ்வாறே திருத்தினோம். அரைமணி நேரத்தில் அவரவர் பெட்டகம் அவரவர்க்குத் திறந்தது. புதிதாக நிறுவியதும் பழுதின்றி இருப்பதுமான கணினிக்கு இதுவே சிறந்த வழியென்பது எமது கருத்து. பல ஆண்டுகள் பழகிய கணினியில் வேறொருவரின் தட்டைப் பொருத்த நேரின், தட்டின் எண்களை மாற்றுவதே தக்கது.

ஈண்டு வேறொன்றையும் கூறுதல் எம் கடமை. உரிமைக் குறிப்பு என்பது வீட்டிலுள்ளோர்க்கிடையே எழுப்பிய வேலி. கள்வரைத் தடுக்கும் மதிலன்று. தட்டைக் கழற்றித் தன் கணினியிற் பொருத்துபவன் எவனோ, அவன் அங்கு தலைமை நிருவாகி. 1000 என்ன, 1002 என்ன, எல்லா எண்ணும் அவனுக்குத் திறக்கும். ஆகவே பழைய கணினியை விற்கும்போதும் பிறர்க்குக் கொடுக்கும்போதும், “கடவுச்சொல் இருக்கிறதே” என்று எண்ணித் தட்டை உள்ளே விட்டு விடாதீர்கள். உண்மையாக மறைக்க வேண்டியவற்றை மறைகுறியாக்கம் செய்துதான் வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்வோர் திறவுகோலைத் தொலைக்கலாகாது. விண்டோஸில் பிட்லாக்கர் கொண்டு பூட்டிய தட்டை வேறு கணினிக்குக் கொண்டு செல்லுமுன், 48 இலக்கங்களைக் கொண்ட மீட்பு எண்ணை எடுத்து வைத்திருத்தல் வேண்டும். அது கைவசம் இல்லையாயின், உரிமையை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே இருப்பதைப் படிக்க இயலாமற் போகும்.

வருமுன் காக்கும் வழிகள் சிலவும் உண்டு. புதுக் கணினியிற் கணக்குகளைத் தொடங்கும்போது பழைய வரிசையையே பின்பற்றுங்கள். எண்கள் பெரும்பாலும் தாமே ஒத்துவரும். பயனர் பெயர்களையும் எண்களையும் ஒரு சிறு தாளில் எழுதி, தட்டோடு சேர்த்து வையுங்கள். கோப்புகளைக் கட்டாகக் கட்டும் ‘டார்’ என்ற நிரல், எண்ணோடு பெயரையும் எழுதி வைக்கும் முன்யோசனை உடையது. நிருவாகியாக இருந்து அக்கட்டைப் பிரிக்கும்போது பெயரையே முதலிற் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். படியெடுக்கும் ‘ஆர்சிங்க்’ நிரலும் நிருவாகியின் கையில் அவ்வாறே செய்ய வல்லது. ஆதலால் தட்டைக் கழற்றிப் பொருத்தாது இவற்றின் வழியாகக் கோப்புகளைக் கொண்டு செல்வோர், பயனர் பெயர்கள் இரு கணினியிலும் ஒன்றாயிருப்பின், இத்தொல்லையிலிருந்து தப்புவர். 2021ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 5.12ஆம் பதிப்பு தொடக்கம், தட்டிலுள்ள எண்களை மாற்றாமலே, கணினியின் பார்வைக்கு மாத்திரம் அவற்றை வேறு எண்களாகக் காட்டும் வசதியும் ஏற்பட்டுள்ளது. அஃது இன்னும் வீட்டுப் பழக்கத்துக்கு வரவில்லையாயினும், அறிந்திருத்தல் நன்று.

நிற்க. எண்கள் சீராயின, வினாத்தாளின் கதை அத்துடன் முடியவில்லை. மறுநாட் காலை அந்தத் தாளை அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை எழுத அமர்ந்தோம். ஐந்து மணி நேர வேலை. மகன் அதனைக் கண்டான். அவன் முகம் வாடியது.

“நான் பாக்கேல்லை எண்டு சொன்னனான்தானே, அப்பா?”

“நீ பாக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும், தம்பி. நாளைக்கு நீ நல்ல புள்ளி எடுத்தா ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. அதுக்காகத்தான்.”

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர்த் தேநீர் ஒன்று கொணர்ந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். அந்தக் கணினி, தன் பதிவேட்டின்படி, வினாத்தாளை அவன் உடைமை என்றே அவனுக்குக் காட்டியது. அஃது எவருடையது என்பதை அவன் வேறிடத்திற் கற்றிருந்தான். அக்கல்வியில் எமக்கும் அவன் தாய்க்கும் சிறு பங்கேனும் இருக்குமாயின், அதுவே எமக்குப் போதும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி: மேலே கூறிய 1000, 1001, 1002 என்னும் மூன்று எண்களையும், இடைத்தங்கலாக 5000 என்ற ஓரெண்ணை மாத்திரம் பயன்படுத்தி, கோப்புகள் ஒன்றோடொன்று கலவாதவாறு தட்டிலேயே திருத்துவதாயின், எத்தனை படிகள் வேண்டும்? அவற்றின் வரிசை யாது? தாளும் பென்சிலும் கொண்டு முயன்று பாருங்கள். விடையை அடுத்த கிழமை தருவோம்.